மாத்தலை மிஸ்ஸி, கூடத்தான்

"முழுங்குறேன் மிஸ்ஸி. சாமி சத்தியமா முழுங்குறேன். நீங்களாச்சும் டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்."

தேவகி இதைச் சொல்லும்போது வாயோரத்தில் ஒரு கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். காலையில் பல் துலக்கும்போது ஈறில் கசியத் தொடங்கிய ரத்தம், கெமாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வேன் பிடித்துச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை நிற்கவில்லை. பூப்போட்ட ஓரம் வைத்த வெள்ளைக் கைக்குட்டை. அதுவும் அந்த அறையின் ஸ்பிரிட் வாசனையும் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நோராயினி. இந்தப் பக்கம் தேவகியும் அவள் கணவர் சந்திரனும். நடுவில் நான், மொழிபெயர்க்க. தேவகிக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் பயம் வந்துவிட்டால் யாருக்கும் தாய்மொழிதான் வாயில் வரும்.

எங்கள் ஊரில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. வேலைக்குச் சேர்ந்த நாளில் ஆரம்பித்தது. பணி ஓய்வு பெற்று, பேரனும் பிறந்த பிறகும் நான் மிஸ்ஸிதான். ஓய்வு பெற்றும் வீட்டில் சும்மா உட்காராமல் டாக்டர் நோராயினியின் ஆராய்ச்சியில் போய் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி மருந்து சாப்பிடும் தோட்டத்து மக்கள் வேறு என்னென்ன நாட்டு மருந்து, சீன மருந்து, மலாய் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி அது. வாரத்தில் பாதி நாள் கேள்வி கேட்டு அலைவேன். மீதி நாள் ரத்தப் பரிசோதனைக் கிளினிக்கில் உதவிக்கு நிற்பேன்.

தேவகிக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போனதால், செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அந்த வால்வில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை. ரொம்ப முறுக்கான மாத்திரை அது. கொஞ்சம் குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் இப்படி ஈறில் கசியும். அதற்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பது.

தேவகியின் ரத்தம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. ஒரு தடவை வந்தால் தண்ணீராக இருக்கும். மாத்திரையைக் குறைப்பார் டாக்டர். சந்தேகப்பட்டுச் சீக்கிரமே திரும்ப வரச் சொன்னால், கட்டியாக இருக்கும். மறுபடி கூட்டுவார். அடுத்த முறை இப்படிக் கைக்குட்டையோடு வந்து நிற்பாள்.

"வால்வு அடைத்துக்கொண்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று எனக்குத் தெரியவில்லை," என்றார் டாக்டர். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், அக்கா."

நான் கேட்கும் முன்பே சந்திரன் எழுந்து நின்றுவிட்டார். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், நல்ல உயரம். "நான் பக்கத்துல நின்னு பார்க்குறேன் டாக்டர்! வாயைத் திறந்து காட்டச் சொல்லித்தான் படுக்கவே விடுறேன்!"

டாக்டர் நிமிராமல் கோப்பில் ஏதோ எழுதினார். அவர் நம்பவில்லை என்பது தேவகிக்குத் தெரிந்துவிட்டது. நோயைவிட அதுதான் அவளை அழவைத்தது என்று நினைக்கிறேன்.

டிரெஸ்ஸர் மகள்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரை விட்டுவிட்டு மருந்து பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அப்பா தோட்டத்து டிரெஸ்ஸர். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவத்துக்கு ஆள் அனுப்புவதுவரை டிரெஸ்ஸர் ராஜ்ஜியம். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை. ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கலக்குவார். காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். வீட்டுக்கு வீடு வாசனை சொல்லிக் கொடுத்துவிடும், யார் வீட்டில் சீக்கு என்று.

"நாட்டு மருந்து, மந்திரம், தாயத்துன்னு எவனாச்சும் போனா இந்தப் பக்கம் வரக்கூடாது!" என்று அப்பா கத்துவது இரண்டு லயத்து வீட்டு வரிசைக்கு அப்பால்வரை கேட்கும். அதனால் யாரும் போகாமல் இருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? எல்லாரும் போனார்கள், அவரிடம் சொல்லாமல் போனார்கள், அவ்வளவுதான். குழந்தைக்குச் சீர்தட்டினால் கோயிலில் விபூதி, பக்கத்துக் கிராமமான கம்பத்து மலாய்க்கார அம்மாவிடம் எண்ணெய், கடைசியில் டிரெஸ்ஸர் தண்ணி மருந்து. மூன்றும் வயிற்றுக்குள்ளே சமாதானமாகப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கே ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கெமாஸ் டவுனில் ரயில் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த சீன வைத்தியரிடம் போய்க் கறுப்புப் பற்று போட்டுக்கொண்டு வந்தார். தொப்பி முகத்தை மறைத்தது. பற்றின் நாற்றத்தை என்ன செய்வது? மறுநாள் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மூக்கை உறிஞ்சினார்கள். கேட்க மட்டும் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

யாரும் ஒன்றும் குடிப்பதில்லை

ஆராய்ச்சிக்கு வருகிறேன். எங்களுக்கு அச்சடித்த கேள்விகள் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி, யாரோ நன்றாகத் தமிழ் படித்தவர் மொழிபெயர்த்தவை. அதில் முக்கியமான கேள்வி இது: "தாங்கள் மாற்று மருத்துவம் எதையேனும் மேற்கொள்கிறீர்களா?"

பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் அதைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக, செனாவாங் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கெல்லாம் போனேன். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். இல்லை.

"இல்லவே இல்லை மிஸ்ஸி."

"சே சே, எதுக்கு மாத்தணும்?"

"மாத்தலை லா. கிளினிக் மருந்துதான். யாரு உங்ககிட்ட மாத்திட்டேன்னு சொன்னது?"

சொல்லும்போதே சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. ஏனென்றால் அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டு அடுப்பிலேயே ஏதோ கொதிக்கும். மிளகும் சுக்கும் மூக்கில் ஏறும். பொய் சொல்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொள்வேன்.

ரஹாங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். தாத்தா காலத்திலேயே கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, பிள்ளைகள் எல்லாம் வக்கீல், எஞ்சினியர். தோட்டத்து ஆட்கள் போல நாங்கள் இல்லை என்பது முகத்திலேயே தெரியும். கேள்வியைக் கேட்டேன்.

"உதெல்லாம் நாங்கள் எடுக்கிறேல்லைப் பிள்ளை. நாங்கள் படிச்ச ஆக்கள்."

அவர் சொல்லி முடிக்கவும், அவர் மனைவி ஆவி பறக்க ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன் வைக்கவும் சரியாக இருந்தது. நான் கோப்பையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"உது மருந்தில்லை. மல்லித்தண்ணி," என்றார், கொஞ்சமும் அசராமல். "பிரஷருக்கு."

துக்கார்

அன்று மாலை கேன்டீனில் டாக்டர் நோராயினியிடம் கொட்டித் தீர்த்தேன். என் ஆட்கள் எல்லாரும் புளுகுகிறார்கள், இந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டி வையுங்கள் என்றேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "அக்கா, அந்தத் தமிழ்க் கேள்வியை அப்படியே மலாயில் சொல்லுங்கள்," என்றார்.

'மாற்று' என்பதற்கு என் வாயில் சட்டென்று வந்தது 'துக்கார்'. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்குவது. பஜாரில் சட்டை அளவு சரியில்லை என்றால் துக்கார் செய்வோமே, அது.

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "துக்காரா? எங்கள் மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்துக்குப் போய்விட்டீர்களா என்றா இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?"

எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறந்ததிலிருந்து நான் பேசும் மொழி! 'மாத்தலை, மாத்தலை' என்று அவர்கள் அடித்துச் சொன்னது முழு உண்மை. ஒருவர்கூட மருந்தை மாற்றவில்லை. கிளினிக் மருந்தையும் சாப்பிட்டார்கள், கூடவே கஷாயத்தையும் குடித்தார்கள். உண்மை பேசியவர்களைப் பொய்யர்கள் என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து புதுக் கேள்வி செய்தோம். மருந்து என்ற சொல்லே வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மல்லித்தண்ணி மருந்தில்லை என்பவரிடம் மருந்தைக் கேட்டு என்ன பயன்? கடைசியில் கேள்வி இப்படி வந்தது: "கிளினிக் மாத்திரையோட கூட, உடம்புக்கு நல்லதுன்னு வேற என்ன சாப்பிடுறீங்க, குடிக்கிறீங்க, பூசுறீங்க?"

அடுத்த வாரமே தோட்டங்களில் என்னை விடவில்லை. கீழாநெல்லி, சிறியாநங்கை, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், பாகற்காய்ச் சாறு, பாம்புப் புல், மலாய்க்காரர்களின் ஜாமு மூலிகைச் சாறு, சீனத்துக் குளிர்ச்சித் தண்ணீர். சிலர் பறித்துவந்தே காட்டினார்கள். எழுத எழுத என் கை வலித்தது, அவ்வளவு சந்தோஷம்.

எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. மூட்டுவலிக்கென்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும், பெயர் ஊர் இல்லாத பொடிப் பொட்டலம் ஒன்றை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, இதை இனித் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பலவற்றைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது, பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். 'தெரியாது' என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது எங்கள் மக்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

கீரை மருந்தா?

அந்தப் புதுக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவகி வீட்டுக்குப் போனேன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே சிவப்பு மண் பாதை. முந்தின இரவு மழை. நான் ஓட்டிப்போன காடியின் சக்கரமெல்லாம் சேறு. லயத்துக் கடைசி வீடு. சந்திரன் லோரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "டாக்டர் அனுப்பினாங்களா? மறுபடியும் ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணுமா?" என்றார். பாவம், அவர் முகமே கறுத்துப் போயிருந்தது.

"அதெல்லாம் இல்ல தம்பி. சும்மா ஒரு கேள்வி."

தேவகியை உட்காரவைத்துக் கேட்டேன். மாத்திரையோட கூட என்ன சாப்பிடுறே?

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ்ஸி."

"மருந்தைக் கேக்கல. கூட என்ன?"

அவள் யோசித்தாள். "சோறுதான். குழம்பு. அப்புறம் முருங்கைக்கீரைச் சாறு. அது கீரைலா, அதையுமா சொல்லணும்?"

"எவ்வளவு?"

"பெரிய கப்பு. டெய்லி. அரைச்சுப் பிழிஞ்சு, சீரகம் மிளகு தட்டிப்போட்டு லேசா சூடு காட்டுவேன்."

"எதுக்கு?"

"நீங்கதானே மிஸ்ஸி எல்லாரும் சொல்றீங்க, அந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்துன்னு. ரத்தம் தண்ணியாப் போனா உடம்புல என்ன இருக்கும்? எந்திரிக்க முடியுமா? அதான் ரத்தம் ஊறட்டும்னு."

வார்ஃபரினுக்குத் தமிழில் எல்லாக் கிளினிக்கிலும் சொல்லும் விளக்கம் அதுதான், ரத்தத்தைத் தண்ணீராக்கும் மருந்து. நம் ஜனங்களுக்கு ரத்தம் தண்ணீராவது என்றால் தெம்பு போவது, ஆள் ஒன்றுமில்லாமல் போவது. தெம்பு போக மருந்து கொடுக்கிறார்கள், சரி, டாக்டர் சொன்னால் சாப்பிடத்தான் வேண்டும். போன தெம்பைக் கீரையில் பிடித்துக்கொள்வோம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கீரையில் இருக்கும் சத்து ரத்தத்தை உறையச் செய்வது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுத்திருக்கிறது.

ஆனாலும் எனக்கு ஒன்று புரியவில்லை. தினமும் குடித்தால் ரத்தம் எப்போதும் கட்டியாக அல்லவா இருக்க வேண்டும்? சில சமயம் ஏன் தண்ணீராகிறது?

"கிளினிக் போற நாளும் குடிப்பியா?"

தேவகி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல் பார்த்தாள். "அய்யய்யோ! டாக்டர் ரத்தம் பார்க்குற நேரத்துல அதெல்லாம் உள்ள இருக்கலாமா? ஒரு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்திடுவேன். சுத்தபத்தமாத்தான் போவேன்."

கோயிலுக்குப் போவதற்கு முன் கறி மீனை விடுவோமே, அதே மரியாதை. கீரையை நிறுத்தியதும் மாத்திரையின் கை ஓங்கி ரத்தம் தண்ணீராகும். டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் குறைப்பார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி கப்பு கப்பாகக் கீரை. டாக்டர் அவசரமாகக் கூப்பிட்டால் நிறுத்த நேரமிருக்காது. அன்றைக்கு ரத்தம் கட்டியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் டாக்டர் பார்த்தது வேறொரு தேவகியை.

நான் இதைச் சொல்லச் சொல்ல, வாசலில் நின்ற சந்திரன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். துடைக்கும் துணி இன்னும் கையில் இருந்தது.

"நான்தான் மிஸ்ஸி பறிச்சுக் கொடுக்குறேன்," என்றார். "லோரி எடுக்கப் போறதுக்கு முன்னாடி, நல்ல கொழுந்தாப் பார்த்து, டெய்லி நான்தான்."

அந்த ஆள் அழுதார். மாத்திரையை விழுங்குகிறாளா என்று வாயைத் திறந்து காட்டச் சொன்னவரும் அவர்தான், கொழுந்து பறித்துக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டுமே அன்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவும் செய்தேன். தேவகி எழுந்துபோய் அவர் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு கிண்ணம்

அடுத்த கிளினிக் நாளில் இதைக் கேட்டதும் டாக்டர் நோராயினி கத்துவார் என்று பயந்தேன். எங்கள் அப்பாவாக இருந்தால் தோட்டமே அதிர்ந்திருக்கும். டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தேவகியின் கையைப் பிடித்து, முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டார். "நீங்கள் மாத்திரை சாப்பிடவில்லை என்று நினைத்துவிட்டேன், காக்காக்." காக்காக் என்றால் அக்கா.

அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

"கீரையை விட்டுடணுமா?" என்று கேட்டாள் தேவகி.

விட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் பிழிந்த சாறு வேண்டாம். பொரியலாகச் சின்னக் கிண்ணம் ஒன்று, எல்லா நாளும் அதே அளவு. இன்று நிறைய, நாளைக்கு இல்லை என்பது கூடாது. முக்கியமாகக் கிளினிக்குக்கு வரும் நாளிலும் விடக்கூடாது. "நீங்கள் சாப்பிடுவதற்கு ஏற்ற மாதிரி மாத்திரையை நான் அமைக்கிறேன். நீங்கள் நிலையாக இருந்தால் நானும் நிலையாக இருப்பேன்."

இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் பாட்டுக்குக் கிண்ணத்தைத் தூக்கிவிடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் சொல்லி, உங்கள் ரத்தத்தைப் பார்த்துத்தான் எதுவும். இதைச் சொல்லாவிட்டால் டாக்டர் என்னைத் தொலைத்துவிடுவார்.

அன்றோடு எங்கள் கிளினிக்கில் 'ரத்தத்தைத் தண்ணியாக்குற மருந்து' என்று சொல்வதையும் நிறுத்தினோம். இப்போது 'ரத்தம் உறையாம ஓட வைக்கிற மருந்து' என்கிறோம். நாக்கில் வர எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில முறை ரத்தம் அங்கும் இங்கும் ஆடியது. வாராவாரம் வேன் பிடித்து வந்தார்கள். சந்திரன் லீவு கேட்டுக் கேட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் பேச்சு வாங்கினார். தேவகி ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். பிறகு ஆட்டம் குறைந்தது. அதற்குப் பிறகு நின்றது. ஒருநாள் காகிதத்தைப் பார்த்த டாக்டர், மாத்திரையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

அப்புறம் வந்த ஒரு காலையில் தேவகி தனியாக வந்திருந்தாள். சந்திரனுக்கு லோரி வேலை. டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் தேவகியின் முகம் வெளுத்துப்போனது. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மிஸ்ஸி, ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருக்காங்க? வாரா வாரம் வரச் சொன்னவங்க. என்னைக் கைவிட்டுட்டாங்களா?"

"அடியே, நீ நல்லா இருக்கே. அதான் தள்ளிப் போட்டிருக்காங்க."

அவள் நம்பாமல் அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்துச் சந்திரனைக் கூப்பிட்டாள். லோரி இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும்; ஸ்பீக்கரைப் போட்டுக் கத்தினாள். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வரணுமாம்.

இஞ்சின் நின்றது. "ஏன்? முடியாதுன்னு சொல்லிட்டாங்களா?" அவர் குரல் உடைந்திருந்தது. "அழாதே. எங்க இருக்கே? நான் வர்றேன், அங்கேயே இரு."

தேவகி சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் நீர் ஓட ஓடச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"நீங்க வரவேணாங்க. நான் நல்லாருக்கேன்."